அக்காவிடம் யாரும் கேட்கவில்லை

“மொத்தமா எடுத்துடச் சொல்லுங்க. அப்பத்தான் திரும்ப வராது.”

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றிரவு, கிள்ளானில் அவர் வீட்டில் கூடியிருந்த எல்லாரும் சொன்னது இதைத்தான். நானும் சொன்னேன். அக்கா மட்டும் எதுவும் பேசவில்லை.

மறுவாரம் அத்தானும் நானும் அவருடன் மருத்துவமனைக்குப் போனோம். கட்டி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிறிதளவு திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு கதிரியக்கச் சிகிச்சை தருவது. மற்றொன்று, மார்பகத்தை முழுமையாக அகற்றுவது.

“எதுல உயிருக்குப் பாதுகாப்பு அதிகம், டாக்டர்?” என்று கேட்டேன்.

தொடக்க நிலையில் இரண்டிலும் ஆயுள் ஏறத்தாழ ஒன்றுதான் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் இதையே உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் கதிரியக்கத்தை விட்டுவிடக் கூடாது. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிரியக்கமும் பெற்றவர்களில் அது 14 விழுக்காடு. இன்றைய சிகிச்சையில் அது இன்னும் குறைவு.

எல்லாருக்கும் முதல் வழி பொருந்தாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, பல இடங்களில் பரவியிருந்தாலோ, முன்பே அந்த இடத்தில் கதிரியக்கம் பெற்றிருந்தாலோ முழுமையாக அகற்ற வேண்டிவரலாம். அப்போதும் வயிற்றுத் திசுவைக் கொண்டோ சிலிக்கோன் வைத்தோ மார்பகத்தை மறுபடி அமைக்க முடியும்.

அக்குளைப் பற்றியும் கேளுங்கள். முன்பு அங்குள்ள நிணநீர் முடிச்சுகளைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்; சிலருக்குக் கை வீங்கிப்போகும். இப்போது தொடக்க நிலையில், நோய் முதலில் சென்றடையக்கூடிய ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

திரும்பி வரும்போது காரில் அக்கா மெல்லச் சொன்னார்: “எடு எடுன்னு எல்லாரும் சொன்னீங்க. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் என்கிட்ட கேட்கலையே.”

எனக்குப் பதில் வரவில்லை.

அக்கா முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார். இன்னொரு பெண் நன்கு யோசித்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் சரியே. உங்கள் வீட்டில் இப்படியொரு நாள் வந்தால், ஆளுக்கொரு யோசனை சொல்வதற்குமுன் அவரைப் பேசவிடுங்கள்.