காரில் வரும் மலையேறிகள்

மலையேறுவதில் தமக்குப் பிரியம் உண்டு என்று யாராவது சொன்னால், "அடிவாரம் வரைக்கும் எப்படிப் போனீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "காரில்தான், வேறு எப்படி?" அந்த 'வேறு எப்படி'யோடு சண்டை போடுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் வாசம் பேசின் பிரிட்ஜில். எங்கள் பகுதியில் இருக்கிற பெரிய சிகரம் ரயில்வே மேம்பாலம்! இப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மலையைப் பற்றிப் பேச உமக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். யோக்கியதை இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து வரும் தண்டவாளங்கள் இங்கேதான் இரண்டாகப் பிரிகின்றன. ஒன்று வடக்கே கும்மிடிப்பூண்டி, தடா, சூலூர்ப்பேட்டை என்று போகிறது. அதற்கு மேற்கே கம்பாக்கம் மலைகள். மற்றொன்று திருவள்ளூர், அரக்கோணம் என்று மேற்கே போய்த் திருத்தணியைத் தொடுகிறது. அதற்கு அப்பால் நகரி மலைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நூறு கிலோமீட்டருக்குள் மலை உண்டு. அந்தக் காலத்தில் கடலில் வந்த மாலுமிகள், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் நகரிச் சிகரத்தைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள். கப்பல்காரனுக்குத் தெரிந்த மலை, ராயபுரத்தில் துறைமுகத்தின் மதிலை ஒட்டிக் குடியிருக்கிற நமக்குத் தெரியாமல் போயிற்று.

விடியற்காலை நாலு மணிக்குச் சைக்கிளில் கிளம்புகிறவன், அவசரப்படாமல் மிதித்தாலும் வெயில் ஏறுவதற்குள் பூண்டி போய்ச் சேரலாம். அறுபது கிலோமீட்டர்தான்; வழி முழுக்கச் சமதரை. சைக்கிளை நிழலில் பூட்டிவிட்டுக் கூடியம் குகைகளுக்கு நடக்கலாம். பக்கத்திலேயே அத்திரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த அதே 1863-ஆம் ஆண்டில் இங்கேயும் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அவற்றைச் செய்தவர்கள் யாரும் காரில் வரவில்லை என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கால் வலிக்கப் போய் என்ன லாபம்? லாபம் உண்டு. கொசஸ்தலை ஆற்றை எண்ணூரில் பார்க்கிறோம். ஒரு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல்; இன்னொரு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுவதும் பரவியபோது, மீனவர்கள் படகையும் வலையையும் கழுவ வழியின்றி நின்றார்கள். பார்த்தவர்களெல்லாம், "சாக்கடையில் சாக்கடைதானே வரும்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அந்த 'சாக்கடை'யை எதிர்த்திசையில் சைக்கிளில் தொடர்ந்து பாருங்கள். பூண்டி நீர்த்தேக்கத்தில் நகரியாறு வந்து அதோடு கலக்கிறது. இன்னும் மிதித்தால் நகரியாறு இறங்கி வருகிற மலைகளே எதிரில் நிற்கும். காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோமே, அந்தத் தண்ணீருக்கு மேலே ஒரு மலை இருக்கிறது என்பதை மூளை அறிவதற்கு முன் முழங்கால் அறிந்துவிடும். அப்படி அறிந்தவன் எண்ணூரைச் சாக்கடை என்று சொல்ல மாட்டான். ஆற்றை இந்தக் கதிக்கு ஆளாக்கியவர்கள் யார் என்று கேட்பான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிர்ந்த காற்றில் தூங்கிக்கொண்டே போய் அடிவாரத்தில் கண் விழிக்கிறவருக்கு இந்தக் கேள்வி எப்படித் தோன்றும்? அவரைப் பொறுத்தவரை மலை ஒரு பொருட்காட்சி. நுழைவுச் சீட்டு வாங்குவார், பார்ப்பார், படம் எடுப்பார், திரும்புவார்.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1931-ல் ஃபிரான்ஸ் ஷ்மிட், டோனி ஷ்மிட் என்ற அண்ணன் தம்பி இருவர் ம்யூனிக்கிலிருந்து சைக்கிளில் சுவிட்சர்லாந்து போனார்கள். அதுவரை யாராலும் ஏற முடியாதிருந்த மேட்டர்ஹார்ன் சிகரத்தின் வடக்கு முகத்தில் ஏறினார்கள்; பிறகு சைக்கிளிலேயே வீடு திரும்பினார்கள். அடுத்த வருஷம் அந்தச் சாதனைக்கு ஒலிம்பிக் பரிசு கிடைத்தது. 1995-ல் ஸ்வீடனிலிருந்து சைக்கிளில் கிளம்பிய கோரன் க்ரோப், நேபாளம் வரை மிதித்தே போய், மறு வருஷம் மே மாதம் பிராணவாயுக் குப்பி இல்லாமல் எவரெஸ்டில் ஏறினார். வீட்டு வாசலிலிருந்தே மலை ஆரம்பமாகிறது என்று நினைத்த மனிதர்கள் இவர்கள்.

நம்மிடம் சைக்கிள் இல்லையா? 1951-ல் இதோ இந்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்ய ஆரம்பித்தார்கள். அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் இனாமாகக் கொடுக்கிறது. பிறகு ஏன் அதைக் கைவிட்டோம்? முழங்கால் வலியால் விட்டவர்கள் சிலர். சம்பளம் உயர்ந்ததால் விட்டவர்களே பலர். சைக்கிளில் போனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற அச்சம் நமக்கு. வாரம் முழுவதும் அந்த அச்சத்தில் வாழ்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக்காக நூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போய் நாலு கிலோமீட்டர் நடக்கிறோமே, இதைவிடப் பெரிய வேடிக்கை உண்டா?

"லாரி அடித்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எண்ணூர் சாலையிலும் மணலி சாலையிலும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் விடுவது உயிரோடு விளையாடுகிற காரியம். ஆனால் ஒன்று கேட்கிறேன். மலைக்குப் போகிறவன் அந்தச் சாலையில் வாரத்துக்கு ஒரு நாள் போகிறான். ஆலைக்குப் போகிற தொழிலாளி ஆறு நாள் போகிறான். இரவு ஷிப்டு முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு, விளக்கில்லாத சைக்கிளில் வருகிறான். அவனுக்காக இந்தக் கேள்வியை என்றைக்காவது கேட்டோமா? நாமும் அவனோடு அந்தச் சாலையில் இறங்கினால்தான் அங்கே சைக்கிளுக்கென்று ஒரு தனி ஓரம் பிறக்கும். நடுத்தர வர்க்கம் நடக்காத இடத்தில் நடைபாதை முளைத்ததாக நான் பார்த்ததில்லை.

"காட்டுக்குள் கண்டபடி போகலாமா?" என்பது அடுத்த கேள்வி. கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை மறந்துவிட்டுப் பேசுகிறவன் அல்ல நான். அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப் பாதைகளை முறைப்படி திறந்துவிட்டது. கூடியமும் அவற்றில் ஒன்று. நல்ல காரியம். ஆனால் காட்டுக்குள் எப்படி நடக்க வேண்டும் என்று இத்தனை அக்கறையாகச் சொல்கிறவர்கள், காடு வரைக்கும் எப்படி வருவது என்பதை அவரவர் பர்ஸுக்கு விட்டுவிடுகிறார்கள். கார் இல்லாதவன் மலைக்கு ஆசைப்படலாகாதா?

நான் கேட்பது அதிகமில்லை. மலைப் பாதை தொடங்குகிற இடத்தில், சைக்கிளை நம்பிப் பூட்டிவிட்டுப் போக ஒரு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசின் பிரிட்ஜ் வழியாகப் போகிற புறநகர் ரயிலில், சைக்கிளை நிறுத்த ஒரு மூலை. கூடைக்காரர்களுக்கு வெண்டர் பெட்டி ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. மணலி சாலையில் ஒரு கோடு, அந்தக் கோட்டை மதிக்கிற லாரி.

மலைச் சிகரத்துக்குத் தார்ச்சாலையும் கம்பிவடக் காரும் போடப் பணம் இருக்கிறது. இல்லாததெல்லாம், மலையை மேலே இழுத்துப் போகிற வழிகளைக் கட்டிக்கொண்டே, மனிதனின் இரண்டு கால்களையும் நம்புகிற மனசுதான். அந்த மனசு அரசாங்கத்துக்கு வருமுன் நமக்கு வரட்டும். திண்ணையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ காற்று இறங்கிக் கிடக்கிற சைக்கிளுக்கு முதலில் காற்றடியுங்கள்.