நூலகம் மாடவீதிக்கு வரட்டும்

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியானது. சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை என்று நீளும் கோரிக்கைகளோடு நவீனப் பொது நூலகம் ஒன்றையும் இந்த ஊர் கேட்டே ஆக வேண்டும். அது எங்கே அமைய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெரிய நூலகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் 8 ஏக்கரில் ஒன்பது தளங்களோடு எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்று; 2023இல் மதுரை புது நத்தம் சாலையில் 2 லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட பரப்பில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் மற்றொன்று. இரண்டுமே தமிழகத்துக்குக் கிடைத்த பேறு. ஆனால், அதே அச்சில் இங்கேயும் ஒன்றை வார்க்க நினைத்தால், அவ்வளவு காலி மனை புறவழிச்சாலைப் பக்கம்தான் அகப்படும். அங்கே போய்விடக் கூடாது. நூலகம் அண்ணாமலையார் கோயிலைச் சுற்றியுள்ள மாடவீதிகளை ஒட்டியே வர வேண்டும். அதுவும் கோபுரத்தோடு போட்டி போடாமல், இருக்கிற பழைய கட்டடங்களுக்குள்ளேயே வர வேண்டும்.

ஊரின் நடுப்பகுதி இன்று பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்காக இயங்குகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். விடுதி, உணவகம், வாகன நிறுத்தம், பூஜைப் பொருள் கடை என்று ஒவ்வொரு சதுர அடியும் அவர்களைப் பார்த்தே விலை பேசப்படுகிறது. அதில் தவறில்லை, ஊரின் பிழைப்பு அது. ஆனால் சின்னக்கடைத் தெருவுக்கும் திருவூடல் தெருவுக்கும் பின்னால் உள்ள சந்துகளில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு, காசு கொடுக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டாமா? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் சொந்தப் புத்தகத்தோடுதான் நூலகத்துக்கு வருகிறார்கள். மேசை, மின்விசிறி, செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக், குடிநீர், சுத்தமான கழிப்பறை ஆகியவைதான் அவர்களுடைய தேவை. இரவு எட்டு மணிக்குப் படித்து முடிக்கும் பெண், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள தெரு வழியாக வீட்டுக்கு நடந்து போக முடிய வேண்டும். புறவழிச்சாலையில் எவ்வளவு அழகான கட்டடம் கட்டினாலும் இதைத் தர முடியாது.

நடுவூரில் கட்டினால் கோபுரக் காட்சி கெடும் என்ற அச்சம் நியாயமானது. 217 அடி ராஜகோபுரமும் அதன் பின்னே மலையும் ஒருசேரத் தெரிவதுதான் இந்த ஊரின் முகம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997லேயே அரசாணை போட்டார்கள். இங்கே நூலகம் அதைவிடவும் தாழ்வாகவே இருக்கட்டும். பிரான்ஸின் நீம் நகரத்தில் ரோமானியர் காலக் கோயிலுக்கு நேர் எதிரே, 1993இல், நார்மன் ஃபாஸ்டர் நூலகமும் கலைக்கூடமும் சேர்ந்த கட்டடம் ஒன்றை அமைத்தார். ஒன்பது தளங்களில் ஏறக்குறைய பாதியைத் தரைக்குள் இறக்கி, பழைய கோயிலைவிட அது ஓங்கித் தெரியாமல் பார்த்துக்கொண்டார். அந்த அடக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம், வழியை எடுத்துக்கொள்ள முடியாது. மலைச்சரிவில் பெய்யும் மழை கீழே ஊரை நோக்கித்தான் இறங்குகிறது. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் போயின. அப்படிப்பட்ட மலையின் அடிவாரத்தில் புத்தகங்களை நிலவறையில் அடுக்குவது விவேகமல்ல.

மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் இருக்க வேண்டுமென்றால், பக்கவாட்டில் பரவ வேண்டும். அதற்கேற்ற கட்டடங்கள் இந்த ஊரில் உண்டு. மடங்களும் சத்திரங்களும் திண்ணை, நடை, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம் என்று கட்டப்பட்டவை. முற்றத்து வெளிச்சம் படிப்பதற்கு உகந்தது. சுண்ணாம்புக் காரைச் சுவர் வெயிலை எளிதில் உள்ளே விடாது. இன்னொரு வசதியை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. கோயிலும் அதையொட்டிய தெருக்களும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால் மாலைச் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. மற்ற ஊர்களில் வாசிப்புக் கூடங்களை வாட்டுகிற மேற்கு வெயில் இங்கே அந்த அளவுக்கு இல்லை. பாழடைந்து கிடக்கும் இரண்டு மூன்று கட்டடங்களைச் செப்பனிட்டு, ஒன்றைச் சிறுவர்களுக்கும் ஒன்றைத் தேர்வர்களுக்கும் ஒன்றை ஊர் வரலாற்றுக்கும் கொடுத்தால் போதும்.

ஊர் வரலாற்றுக்குத் தனிக்கூடம் என்பதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் திருவண்ணாமலையைப் பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டிருக்கின்றன. கோயில் கல்வெட்டுகள், கட்டடக் கலை, வழிபாடு, சமூக அமைப்பு எல்லாம் அவற்றில் உண்டு. ஒரு தொகுதி முழுக்க முழுக்க இந்த நகரத்தைப் பற்றியது. அவற்றின் பெரும்பகுதி பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. தான் தினமும் நடக்கும் தெருவின் வரலாற்றை இங்குள்ள மாணவர் தமிழில் படிக்க வழி செய்வதுதான் நடுவூர் நூலகத்தின் முதல் கடமையாக இருக்க வேண்டும். அருணகிரிநாதர் பாடிய ஊர், கலை இலக்கிய இரவுகளை விடிய விடிய உட்கார்ந்து கேட்ட ஊர் இது.

கோயில் பக்கத்தில் நூலகம் பொருந்தாது என்பவர்களுக்குக் கல்வெட்டுகளே பதில் சொல்கின்றன. சிதம்பரத்திலும் திருவரங்கத்திலும் கோயிலுக்குள்ளேயே சரஸ்வதி பண்டாரம் என்ற சுவடிக்கூடம் இருந்திருக்கிறது. பௌர்ணமியன்று கூட்டத்தில் யார் வர முடியும் என்று கேட்பார்கள். கூட்டம் வீதிகளில்தான் நெரிகிறது. வாசலைப் பின்பக்கச் சந்தில் வைத்தால் உள்ளூர்க்காரர்கள் வந்துபோக முடியும். இவற்றையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் பொறியாளர்களுடையது. புத்தக அடுக்குகளின் பாரத்தை மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி மெட்ராஸ் தளம் போட்ட பழைய மாடிகள் தாங்காது. உண்மைதான். அதனால் அடுக்குகள் தரைத்தளத்திலோ, பின்கட்டில் புதிதாக எழுப்பும் தாழ்வான பகுதியிலோதான் இருக்க வேண்டும். மாடியில் மேசை நாற்காலி மட்டும் போடலாம். அரிதாகக் கேட்கப்படும் நூல்களை மாவட்ட மைய நூலகத்திலேயே வைத்திருந்து, கேட்டால் மறுநாள் கொண்டுவந்து தரலாம். கட்டடம் அறநிலையத் துறையுடையது என்றால் மாநகராட்சி முறைப்படி வாடகை கொடுக்கட்டும். பூட்டிக் கிடப்பதைவிடக் கோயிலுக்கும் அது வருமானம்தான்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு, நாட்டில் வேறெந்த மாநிலத்துக்கும் முன்பாக 1948லேயே நாம் நூலகச் சட்டம் கொண்டுவந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. மாநகராட்சியான பிறகு வரி உயர்ந்தால் அந்தப் பத்துக் காசின் தொகையும் உயரும். அதில் ஒரு பங்கை வரி கட்டுகிற தெருக்களிலேயே செலவழிக்கச் சொல்ல மக்களுக்கு உரிமை உண்டு. யாழ்ப்பாணத்தில் 1950களில் பொது நூலகம் திட்டமிட்டபோது, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனோடு நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனிடமும் ஆலோசனை கேட்டார்கள். இங்கேயும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், ஒரு நூலகரும் பழங்கட்டடச் சீரமைப்பு தெரிந்த பொறியாளரும் அய்யங்குளத் தெருவிலிருந்து தொடங்கி, எந்தெந்த மடமும் சத்திரமும் இதற்குத் தேறும் என்று பட்டியல் எடுக்கட்டும். மாநகராட்சி அந்தப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும்.