குதிரை மேலும் வேண்டும் தலைக்கவசம்

கத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலை வட்டாரத்தில் ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் யாருக்கும் புதியவை அல்ல. ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிக்கு அவை சட்டைத் துணி போலப் பழகிப்போனவை. அதே தொழிலாளி விடுமுறை நாளில் மெரினாவுக்குப் போனால், தன் பிள்ளையை வெறுந்தலையோடு குதிரை மேல் ஏற்றிவிட்டுக் கைபேசியில் படம் எடுக்கிறார். குற்றம் அவருடையது மட்டுமல்ல. பணத்தைக் கொடுத்தால் பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பதுதான் கடற்கரைச் சவாரியின் நடைமுறை. வயது என்ன, எடை என்ன என்று கேட்பாரில்லை.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், இருசக்கர வாகனத்தில் செல்லும் 4 வயதைக் கடந்த எவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஸ்கூட்டரில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்காரும் குழந்தைக்கே தலைக்கவசம் வேண்டுமென்றால், தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில் தலை இருக்க, தானாக மிரளக்கூடிய ஒரு விலங்கின் மேல் உட்காரும் குழந்தைக்கு வேண்டாமா?

முறையான குதிரையேற்றப் பள்ளிகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. குதிரையேற்றத்துக்கென்றே செய்த தலைக்கவசம், முழுக்கால் சட்டை, சிறு குதிகால் உள்ள மூடிய ஷூ ஆகியவை இல்லாமல் சேணத்தில் ஏற்றமாட்டார்கள். குதிகால் அலங்காரத்துக்கு அல்ல. செருப்போ தட்டையான ஷூவோ போட்ட கால், சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து சிக்கிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். பறக்கும் துப்பட்டாவுக்கும் தொங்கும் சங்கிலிக்கும் தடை இருப்பதும் இப்படிப்பட்ட விபத்துகளை எண்ணித்தான்.

இந்தப் பள்ளிகளின் முன்பதிவு விதியைப் பலர் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். வருபவரின் வயதும் எடையும் பழக்கமும் முன்பே தெரிந்தால்தான் அவருக்கேற்ற குதிரையையும் பயிற்சியாளரையும் ஒதுக்க முடியும். ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை பேரைச் சுமக்கும் என்பதற்கு வரம்பு வைக்கவும், வெயிலில் அதற்குத் தண்ணீரும் ஓய்வும் கொடுக்கவும் அந்தப் பதிவேடுதான் வழி. களைத்த குதிரை இடறும். புண்பட்ட குதிரை உதறும். வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

"கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் கூடவே நடக்கிறாரே, என்ன ஆகிவிடும்?" என்பார்கள். அமெரிக்காவின் கோர்ட்னி கிங்-டை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குதிரையேறியவர். 2010-இல் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்தது. அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மண்டையோடு உடைந்து வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். உயரத் தொப்பி அணிவதே மரபாக இருந்த டிரெஸ்ஸாஜ் எனும் குதிரையேற்றப் போட்டியில்கூட, சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 முதல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. ஒலிம்பிக் வீராங்கனைக்கே இந்தக் கதியென்றால், முதன்முறை ஏறும் ஆறு வயதுப் பிள்ளையை ஒரு முழக் கயிறு காப்பாற்றும் என்று நம்புவது எப்படி?

குதிரைக்காரர்களைக் கடற்கரையிலிருந்து விரட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது அவர்களின் பிழைப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் குதிரை எட்டும் இடமும் அதுதான். பள்ளியில் கட்டணம் கட்டிப் பழகும் பிள்ளையின் தலைக்கு ஒரு மதிப்பு, கடற்கரையில் ஏறும் பிள்ளையின் தலைக்கு இன்னொரு மதிப்பு என்று இருக்கக் கூடாது என்பதே நம் வாதம்.

சென்னை மாநகராட்சி சவாரிக் குதிரைகளுக்கு உரிமம் வழங்கட்டும். கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று, வயது மற்றும் எடை வரம்பு, டோக்கன் முறை, வெயில் நேரத்தில் கட்டாய ஓய்வு ஆகியவை அதன் நிபந்தனைகளாக இருக்கட்டும். பல அளவுகளில் தலைக்கவசங்களை மாநகராட்சியே வாங்கிக் குதிரைக்காரர்களுக்குக் கொடுக்கலாம். அது பெரிய செலவல்ல. அதுவரை பெற்றோர் ஒன்று செய்யலாம்: தலைக்கவசம் தராத குதிரையில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.