"டி டிரைவில் கொப்பி இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளி நிர்வாகங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பங்களின் பழைய படங்கள், காணி உறுதிகள், நிகாஹ் பதிவுகள், விடுகைப் பத்திரங்கள் எல்லாவற்றையும் சில வருடங்களாக ஸ்கேன் செய்து ஒரு கணினியில் சேர்த்து வருகிறோம். புத்தளத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வந்தவர்கள் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்த படங்கள் அவை. பல வீடுகளில் 90க்கு முந்திய படமென்று இருப்பதே அந்த ஒன்றுதான்.

போன மாதம் அந்த ஹார்ட் டிஸ்கை முழுதாக இமேஜ் எடுக்க உட்கார்ந்தோம். இமேஜ் என்றால் படங்களைத் தனித்தனியாகக் கொப்பி பண்ணுவதல்ல. டிஸ்க் இருக்கிறபடியே, விண்டோஸும் சேர்த்து, முழுவதையும் ஒரு கோப்பாக எடுப்பது. தொடங்கி ஐந்து நிமிடத்தில் பெட்டிக்குள் கறகறவென்று ஓயாத சத்தம். "நிப்பாட்டுங்கோ சேர், உடையப் போகுது" என்றார் பக்கத்தில் நின்றவர். பயந்து நிறுத்திவிட்டோம். காரணம் பிறகுதான் விளங்கியது.

ஹார்ட் டிஸ்குக்குள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிற தட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தொடாமல், சில நனோமீற்றர் இடைவெளியில் மிதந்தபடி வாசிப்பதும் எழுதுவதும் ஹெட். தட்டு சுற்றுவது மெல்லிய இரைச்சல்தான். ஹெட் அங்குமிங்கும் பாயும்போதுதான் அந்தக் கறகற. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தனித்தனியாக எடுத்தால் அது நிறையப் பாய வேண்டியிருக்கும். இமேஜ் எடுக்கும்போது பெரும்பாலும் வரிசையாக வாசிப்பதால் பக்கத்துத் தடத்துக்கு நகர்ந்தால் போதும், சத்தம் குறையத்தான் வேண்டும்.

பிறகு எங்களுக்கு ஏன் கூடியது? இமேஜை டி டிரைவில் சேமிக்கச் சொல்லியிருந்தோம். அந்தக் கணினியில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள். ஹெட் இங்கே வாசித்து, அங்கே ஓடி எழுதி, திரும்ப இங்கே ஓடி வர வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்துக்குக் காரணம் நாங்கள்தான், டிஸ்க் அல்ல. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே கோர்வையில் போட்டு வைத்திருந்தோம். கோர்வை தொலைந்தால் இரண்டும் போச்சு. எத்தனை அலுவலகங்களில், எத்தனை பள்ளிகளில் இதைத்தான் "பெக்கப்" என்று சொல்லிக் கொண்டிருக்கிறோம்!

வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வந்து திரும்பத் தொடங்கினோம். (பழைய யூ.எஸ்.பி 2 துளையில் கொழுவினால் ஒரு டெராபைட்டுக்கு முழு இரவும் போகும். புதியதில் மூன்று மணி நேரமளவில் முடியலாம். துளையைப் பார்த்துக் கொழுவுங்கள்.) கறகற அடங்கிவிட்டது. பாதி தாண்டியபோது வேறொரு சத்தம். டக்... டக்... டக். ஒரே இடைவெளி. திரையில் சதவீதம் நகரவில்லை.

பயப்பட வேண்டியது இதற்குத்தான். வாசிக்க முடியாத இடத்தில் ஹெட் திரும்பத் திரும்ப முயன்று தோற்கிறது. சாதாரண மென்பொருளை அதே இடத்தில் முட்ட விடுவது உள்ளதையும் கெடுக்கும். தட்டிப் பார்ப்பது, பிரிட்ஜில் வைப்பது எல்லாம் வேண்டாம். டிஸ்கைக் கணினி அடையாளமே காணவில்லை என்றால் கரண்டை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். எங்களுடையது அந்த அளவுக்குப் போகவில்லை. டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு வரும். எதுவரை எடுத்தது என்று குறித்து வைப்பதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

அல்ஹம்துலில்லாஹ், பெரும்பகுதி வந்தது. பதினொரு படங்கள் வரவில்லை. ஒன்பதின் அசல் உரியவர்களிடம் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அசலும் இல்லை, வீடு மாறும்போது மழையில் போய்விட்டதாம். தந்த உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1981இல் யாழ் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பி வரவேயில்லை. 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல்களே மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை அழிந்தன, அந்தக் காலத்துக்கு பெக்கப் இருக்கவில்லை. பெரிய இடத்திலேயே இப்படி. நாங்களோ பரிசளிப்பு விழாவுக்கு ஷீல்ட் அடிக்கக் காசு சேர்க்கிறோம், இரண்டாவது டிஸ்குக்குக் கேட்டால் "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்கிறோம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எஸ்.எஸ்.டி வாங்கினால் சத்தமே இல்லையே என்பவர்களுக்கு: அதில் ஹெட் இல்லை, உண்மைதான். சாகும்போதும் சத்தமில்லாமல் சாகும்.

இப்போது ஒரு பிரதி இங்கே இருக்கிறது. இமேஜைத் திறந்து படங்கள் சரியாக வருகின்றனவா என்றும் பார்த்துவிட்டோம். இரண்டாவது பிரதியைப் புத்தளத்தில் வைத்திருக்க ஒரு குடும்பம் சம்மதித்திருக்கிறது, இன்ஷா அல்லாஹ் அடுத்த கிழமை பஸ்ஸில் கொண்டுபோகிறோம். மூன்றாவதை வெளிநாட்டில் வைத்திருக்கக் கூடியவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். 90க்கு முந்திய படம் வீட்டில் வைத்திருப்பவர்களும் வாருங்கள். ஸ்கேன் செய்த கையோடு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம்.