ராத்திரித் தெருவில் யார் பாடுவது?

1979இல் லண்டனிலிருந்து 'தி ரெயின்கோட்ஸ்' என்ற பெண்கள் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. பங்க் ராக். நன்றாக வாசிக்கக் கற்ற பிறகே மேடை ஏறு என்பது மேட்டுக்குடி விதி. ஏறு, ஏறிக் கத்துக்கோ என்பது பங்க். நமக்கு இது புதுசா? தீப்பெட்டியிலும் மேசையிலும் தாளம் தட்டி வளர்ந்த கானாவை எந்தச் சபா கற்றுக்கொடுத்தது?

இப்படிப்பட்ட குழுக்களை மேற்கில் 'கராஜ் பேண்ட்' என்கிறார்கள். கார் நிறுத்தத் தனி இடம் உள்ள வீடுகளில் பிறந்த பெயர். ராயபுரத்தில் கராஜ் என்றால் நம்ம பையன்கள் கிரீஸ் கையோடு வேலை பார்க்கிற இடம். ஒற்றை அறை வீட்டில் ஒத்திகைக்கு ஏது இடம்? கானா தெருவில் நின்றது. சாவு வீட்டு வாசல், பந்தல், ராத்திரி: அதுவே அதன் அரங்கம்.

அந்த ராத்திரித் தெரு யாருடையது? ஒரே சாவு. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பவள் பெண். ராத்திரி மைக் பிடிப்பவன் ஆண். அவள் பாடினால் அழுகை, அவன் பாடினால் கலை. கானாவைத் தீண்டாத சபாவின் அளவுகோல் நம் தெருவுக்குள்ளும் புகுந்திருக்கிறது.

ராயபுரத்து இசைவாணி இந்தக் கோட்டைத் தாண்டியவர். 2018 ஜனவரி 6 அன்று பா. ரஞ்சித் முன்னெடுப்பில், தென்மாவின் இசையில், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். 19 பேர், அதில் ஒரே ஒரு பெண். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. 2024 நவம்பரில், சில ஆண்டுகளுக்கு முன் அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டைத் தோண்டியெடுத்து, கைது செய் என்று இந்துத்துவக் கூட்டம் கூச்சலிட்டது. கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்ட பாட்டு அது. கூட்டாகப் போட்ட பாட்டுக்கு மிரட்டலும் வசவும் பாடிய பெண்ணைத் தேடி வந்தன. ஸ்ரீநகரில் 2012 டிசம்பரில் மேடையேறிய பள்ளி மாணவிகளின் 'பிரகாஷ்' ராக் குழு, 2013 பிப்ரவரியில் தலைமை முஃப்தியின் ஃபத்வாவுக்குப் பிறகு கலைந்தது. மதம் எதுவானாலும் கை நீள்வது பெண்ணின் தொண்டைக்கே.

ராத்திரித் தெரு பெண்களுக்கு ஆகாதாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில்தான் ஓடினார்கள். ஆலையை மூடச்சொல்லிப் போராட்டப் பந்தலில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஓடலாம், உட்காரலாம், பாட மட்டும் கூடாதா?

தோழர்களே, ஒரு இசைவாணியைப் போஸ்டரில் போட்டுக் கொண்டாடுவது சுலபம். 19இல் 1 என்பது கணக்கு. அரசாங்க வேலையில் கணக்கு கேட்கிற நாம் மேடையிலும் கேட்க வேண்டும். ஏப்ரல் 14 விழாவில் மைக் யார் கையில் இருக்கிறது? ஊருக்கு ஊர் அம்பேத்கர் மன்றம் இருக்கிறது. அதன் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது? வாரத்தில் ரெண்டு சாயங்காலம் அதைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்து விடுவோம். கேரம் போர்டைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினால் இடம் வரும்.