முதுகு வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்!

உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் உள்ள ஊர் களமருதூர். நாற்று நடுவதும், களை பறிப்பதும், கரும்பு வெட்டுவதும் அந்த வட்டாரத்து ஏழை மக்களின் பிழைப்பு. நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்?

வலித்தால் என்ன செய்கிறார்கள்? மருந்துக் கடைக்குப் போய், "இடுப்பு வலிக்கு மாத்திரை கொடுங்க" என்கிறார்கள். டாக்டர் சீட்டு கிடையாது. கடைக்காரரும் கொடுத்து விடுகிறார். இப்படியே மாதக்கணக்கில் ஓடுகிறது.

பெரும்பாலோருக்கு இது உழைப்பு வலிதான். பயப்பட வேண்டாம். ஆனால், வயதான சிலருக்கு இது ஒரு வகை ரத்தப் புற்றுநோயின் முதல் அடையாளம். அதற்கு "மைலோமா" என்று பெயர்.

மளிகைக் கடைக்காரர்

1845-ம் ஆண்டு. லண்டனில் ஒரு மளிகைக் கடைக்காரர் எலும்பு வலியால் துடித்தார். அவருடைய சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற டாக்டர் சோதித்தார். அதில் ஒரு விசித்திரமான பொருள் இருந்தது. கொதிக்க வைத்தால் கரைந்தது. ஆறினால் மறுபடியும் திரண்டது! அது ஒரு வகைப் புரதம். மளிகைக்காரர் சில மாதங்களில் இறந்தார். அந்தப் புரதத்துக்கு இன்றும் பென்ஸ் ஜோன்ஸ் பெயர்தான்.

எலும்பு மஜ்ஜையில் பெருகும் புற்று அணுக்கள் இந்தப் புரதத்தை உண்டாக்குகின்றன. அது சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் போய் உறைந்து அடைத்துக் கொள்கிறது. அரிக்கப்பட்ட எலும்பிலிருந்து கரையும் சுண்ணாம்புச் சத்தும் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. நோய் தெரிய வரும்போதே 5 பேரில் ஒருவருக்காவது சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது.

இந்த நிலையில் டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கினால் என்ன ஆகும்? சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வெயிலில் வேலை; தண்ணீரும் குடிப்பதில்லை. அடைப்பு இறுகுகிறது. வலியைத் தீர்க்க வாங்கிய மாத்திரை, ஆளை டயாலிசிஸ் படுக்கையில் தள்ளி விடுகிறது!

பட்டைச் சோதனை போதாது

தமிழக அரசு 2023-ல் சிறுநீரகம் காக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பட்டை முக்கியமாக "ஆல்புமின்" என்ற புரதத்தைத்தான் காட்டும். பென்ஸ் ஜோன்ஸ் புரதம் அதன் கண்ணுக்குத் தப்பி விடும்!

ஆகவே, 50 வயதைத் தாண்டியவர் தீராத முதுகு வலியோடு, சோகை, களைப்பு என்று வந்தால், பட்டையோடு விட்டுவிடக் கூடாது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கால்சியம் மூன்றையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இது ஆடம்பரம் அல்ல. டயாலிசிஸ் செலவோடு பார்த்தால் சல்லிக் காசு.

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆயிற்று. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் வந்து விட்டது. புதுச்சேரி ஜிப்மரும் எட்டாத தூரம் அல்ல. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்ட்டிசோமிப் போன்ற மருந்துகளைத் தாமதிக்காமல் கொடுத்தால், கெட்ட சிறுநீரகம் பல பேருக்குத் தேறி விடுகிறது. டயாலிசிஸை நிறுத்தியவர்களும் உண்டு.

மைலோமா என்று தெரிந்தவர்கள் வேறு வியாதிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, ஸ்கேன் எடுக்கச் சாய ஊசி போடுவதற்கு முன்னால்!