ரோபோ கட்டும் வீட்டில் நமக்கான வாசல் எங்கே?

ஏலாக்குறிச்சி அமைந்துள்ள அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. அந்தச் சிமெண்டைக் கலவையாக்கித் தலையில் சுமக்கும் சித்தாள்களில் நம் சேரிப் பெண்களும் உண்டு. அவர்களது வேலையின் வடிவமே இப்போது மாறத் தொடங்கியுள்ளது.

2021 ஏப்ரலில், சென்னை ஐஐடி வளாகத்தில் 600 சதுர அடியில் முப்பரிமாண அச்சு முறையில் எழுப்பப்பட்ட வீட்டை ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் திறந்துவைத்தார். அந்நிறுவனத்தின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் அதனைக் கட்டியது. கணினி வரைபடத்தின்படி, கான்கிரீட் கலவையை எந்திரம் அடுக்கடுக்காகப் பிழிந்து சுவராக்குகிறது. அச்சுமுனையை ரோபோவின் கரத்தில் பொருத்தி, கான்கிரீட்டோடு உலோகத்தையும் இவ்வாறே அடுக்கும் ஆய்வுகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. இவ்வாய்வுகளில் முனைவர் பட்டம் பெற்றபின் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் மேலாய்வாளர்களின் உழைப்பு பெரும்பங்கு வகிக்கிறது.

இந்த மேலாய்வே பேராசிரியர் பணிக்கான படிக்கட்டு. ஐஐடியில் முதல்நிலை உதவிப் பேராசிரியராவதற்கு முனைவர் பட்டத்துக்குப் பின் 3 ஆண்டு அனுபவம் வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஒன்றியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுச் சட்டம் ஆசிரியர் பணியிடங்களில் நமக்கான பங்கை உறுதிசெய்கிறது. அச்சட்டத்திலிருந்து ஐஐடிகளுக்கு விலக்களிக்க வேண்டுமென 2020இல் அரசு அமைத்த குழு பரிந்துரைத்ததை நாம் மறந்துவிடலாகாது. எனினும் அதைவிட ஓசையின்றி நிகழும் விலக்கல் ஒன்று உண்டு. ஆசிரியர் பணிக்கு முந்தைய படியான மேலாய்வை அச்சட்டம் தொடவில்லை. அப்படியில் நம்மவர் ஏறாதவரை, "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்ற பதில் எளிதாகிவிடுகிறது.

45 நாள்களும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டென ஒன்றிய அரசே 2022 நவம்பரில் மீண்டும் வலியுறுத்தியது. 'இது பணியிடமன்று, ஆய்வு நல்கை' எனக் கூறி மேலாய்வை அதிலிருந்து நழுவவிட முடிகிறது. மாத ஊதியமும் வரையறுத்த காலமும் பணிக்கடமையும் இருக்கும் ஒன்றினைப் பெயரை மாற்றிச் சமூகநீதிக்கு வெளியே நிறுத்துவது, அரசமைப்புச் சட்டத்தின் 16(4)ஆம் உறுப்பின் நோக்கத்துக்கு முரணானது என்பதே நமது நிலைப்பாடு.

ஆகவே நாம் கோருவன மூன்று: மேலாய்வு இடங்கள் அனைத்தும் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும், தேர்வுக்குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் இடம்பெற வேண்டும், பிரிவுவாரியான எண்ணிக்கை ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். முதல் அடியை மாணவர்களே எடுத்துவைக்கலாம்: அந்த எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இன்றே கேளுங்கள். கலவை சுமந்தவர்களின் வேலையை ரோபோ எடுத்துக்கொள்ளுமாயின், அந்த ரோபோவை வடிவமைக்கும் அறையில் அவர்களின் பிள்ளைகளுக்கு இடம் இருந்தாக வேண்டும்.